வாங்கி வந்து 12 நாள், ஒரு முட்டை இல்லை!

கேள்வி: சார், நாமக்கல் பக்கம் ஒரு பண்ணையில் 8 வெள்ளை லெகார்ன் கோழி வாங்கி வந்தோம். 20 வாரக் கோழி, அடுத்த வாரமே முட்டை போடும் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். 12 நாள் ஆகிறது, ஒரு முட்டையைக் கண்ணால் பார்க்கவில்லை. எட்டும் கொட்டகையின் ஒரே மூலையில் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. முட்டை போட மரப்பெட்டி வைத்தேன், எட்டிக்கூடப் பார்க்கவில்லை. கம்பு, அரிசி, மிச்சச் சோறு என்று தாராளமாகத்தான் போடுகிறேன். கிழட்டுக் கோழியைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்று மாமியார் தினமும் சொல்லிக் காட்டுகிறார். என்ன செய்வது? (பெருந்துறை வாசகி)

பதில்: மாமியார் சொல்வதை முதலில் தீர்த்துவிடுவோம், ஏனென்றால் அப்படி நடப்பதும் உண்டு. பண்ணைகளில் 72 முதல் 80 வாரம் வரை, சில இடங்களில் அதற்கு மேலும் வைத்திருந்துவிட்டு, முட்டை குறைந்ததும் மொத்தமாக இறைச்சிக்குத் தள்ளிவிடுவார்கள். அந்த லோடில் நாலைந்தைப் பிடித்து 'முட்டைக்கு வரப்போகிற கோழி' என்று விற்பவர்கள் இருக்கிறார்கள். நானே ஒரு தடவை ஏமாந்து ஆறு கோழி வாங்கி, இரண்டு மாதம் தீவனம் போட்டு, கடைசியில் குழம்பு வைத்தேன். அதுவும் வேகவில்லை.

கோழியைக் கையில் எடுத்துக் காலைப் பாருங்கள். லெகார்ன் மஞ்சள் கால் கோழி. முட்டை போடப் போட உடம்பில் இருக்கிற மஞ்சள் எல்லாம் கருவுக்குப் போய்விடும். முதலில் ஆசனவாயைச் சுற்றி வெளுக்கும், அப்புறம் கண்ணோரம், அப்புறம் அலகு, கடைசியாகத்தான் கால். ஆகவே கால் பளிச்சென்று மஞ்சளாக, கொண்டை சின்னதாக இளஞ்சிவப்பில் இருந்தால், அது இன்னும் முட்டைக்கே வராத இளங்கோழி. கால் வெளுத்து, செதில் தடித்து, நகம் நீண்டு வளைந்து, கழுத்து இறகு கம்பியில் உராய்ந்து தேய்ந்திருந்தால் மாமியார் பக்கம் நியாயம் இருக்கிறது. அலகு நுனி வெட்டியிருப்பதை வைத்து எதுவும் முடிவு செய்யாதீர்கள், பண்ணைக் கோழிக்குக் குஞ்சிலேயே அதை வெட்டிவிடுவார்கள். இன்னொரு சோதனை: வாலுக்குக் கீழே ஆசனவாயின் இரு பக்கமும் இரண்டு எலும்பு முனைகள் கைக்குத் தட்டுப்படும். நடுவில் ஒரு விரல்கூட நுழையவில்லை என்றால் முட்டைக்கு நாள் இருக்கிறது. இரண்டு மூன்று விரல் தாராளமாக நுழைந்தால் போட்டுக்கொண்டிருக்கிறது, அல்லது இன்று நாளையில் போடும்.

இளங்கோழிதான் என்று வைத்துக்கொண்டு மேலே சொல்கிறேன், நீங்கள் எழுதியதைப் பார்த்தால் எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது.

இந்தக் கோழிகள் கம்பிக் கூண்டில் வளர்ந்தவை. மண்ணை மிதித்ததில்லை. தண்ணீர் என்றால் அவற்றுக்கு அலகால் தட்டினால் சொட்டுகிற நிப்பிள்தான், தீவனம் என்றால் கூண்டுக்கு முன்னால் ஓடுகிற தொட்டிதான். சட்டியில் இருப்பது தண்ணீர் என்றே சிலதுக்குத் தெரியாது. நம்ப மாட்டீர்கள், நிறைந்த சட்டிக்குப் பக்கத்திலேயே நாக்கு வறண்டு நின்ற கோழியைப் பார்த்திருக்கிறேன். அதனால் முதல் வேலை தண்ணீர். எட்டு கோழியையும் ஒவ்வொன்றாகப் பிடித்து அலகு நுனியைத் தண்ணீரில் மெதுவாகத் தோயுங்கள், மூக்குத் துளை முங்காமல். இரண்டு குடித்துவிட்டால் மற்றவை பார்த்துக் கற்றுக்கொள்ளும். ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் உள்ளே போகவில்லை என்றால் முட்டை பல நாளுக்கு நின்றுவிடும். எட்டு கோழிக்கு ஒரு நாளைக்கு 2 லிட்டராவது குறைய வேண்டும், வெயில் நாளில் 3 லிட்டருக்கு மேலும் போகும். குறைகிறதா என்று சட்டியில் கரியால் கோடு போட்டுப் பாருங்கள். புதிதாக வந்து இறங்கும் கோழிக்கு முதல் நாள் கொஞ்சம் வெல்லம் கரைத்த தண்ணீர் வைப்பது நல்ல பழக்கம், ஆனால் 12 நாள் கழித்து அது தேவையில்லை.

அடுத்தது தீவனம். இங்கேதான் நீங்கள் தவறு செய்கிறீர்கள் (கோபித்துக்கொள்ளாதீர்கள், ஊரில் பாதிப் பேர் செய்கிற தவறுதான்). ஒரு முட்டை ஓட்டில் மட்டும் ஏறக்குறைய 2 கிராம் கால்சியம் இருக்கிறது. லெகார்ன் ஒரு நாளைக்குத் தின்பது சுமார் 110 கிராம். அந்த 110 கிராமும் கம்பாகவே இருந்தால் அதில் கிடைக்கும் கால்சியம் 50 மில்லிகிராமைத் தாண்டாது. அப்புறம் எங்கிருந்து ஓடு வரும்? நாட்டுக்கோழி வருடத்துக்கு அறுபது எழுபது முட்டை போட்டுவிட்டு மிச்ச நாள் ஓய்வெடுக்கும், குப்பையைக் கிளறிப் புழு பூச்சி தின்று ஈடுகட்டிக்கொள்ளும். லெகார்ன் வருடத்துக்கு 300 முட்டை போடுவதற்கென்றே தேர்ந்தெடுத்து வளர்த்த இனம். அதற்கு 16 முதல் 18 சதவீதம் புரதமும் 3.5 முதல் 4 சதவீதம் கால்சியமும் உள்ள லேயர் (முட்டைக்கோழி) தீவனம்தான் சாப்பாடு. எட்டு கோழிக்கு நாளுக்கு 900 கிராம் கணக்கு. கம்பு மாலையில் கூப்பிட்டு அடைப்பதற்கு ஒரு கைப்பிடி, அவ்வளவுதான். சோறு வேண்டாம், வயிறு நிரம்பும், வேறு ஒன்றும் நடக்காது. உள்ளூர்த் தீவனக் கடையில் கேட்கும்போது 'லேயர்' என்று தெளிவாகச் சொல்லி வாங்குங்கள், கறிக்கோழித் தீவனத்தைக் கொடுத்துவிடுவார்கள். 16 வாரத்துக்கும் குறைந்த கோழி வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு உடனே லேயர் தீவனத்துக்கு ஓட வேண்டாம், அவ்வளவு கால்சியம் சின்னக் கோழிக்குச் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும்.

மூலையில் ஒட்டிக்கொண்டு நிற்பது பயம். இந்த இனமே மிரளுகிற இனம்தான், நிழல் விழுந்தாலே கத்தும். தினமும் ஒரே ஆள், ஒரே நேரத்தில், முடிந்தால் ஒரே நிற உடுப்பில் போய்த் தீவனம் வையுங்கள். சிரிக்காதீர்கள், எங்கள் வீட்டில் சிவப்புத் துண்டோடு உள்ளே போனால் இன்றைக்கும் கூரையில் முட்டிக்கொள்ளும். பிள்ளைகள் துரத்தி விளையாடக் கூடாது, நாயை அண்ட விடக் கூடாது. உட்காரக் கட்டை போட்டிருந்தால் தரையிலிருந்து ஒரு முழத்துக்கு மேல் வேண்டாம், கூண்டில் நின்ற காலுக்குத் தாவும் வலு வர நாளாகும். இருட்டியதும் நீங்களே தூக்கிக் கட்டையில் உட்கார வையுங்கள், நாலைந்து இரவில் தானாக ஏறும். கொட்டகைக்குள் கோழிக்கு 2 சதுர அடி இருந்தால் போதும், கீழே உமியோ கடலைத் தோலோ மூன்று விரல் உயரத்துக்குப் பரப்புங்கள்.

முட்டைப் பெட்டிக்கு வருவோம். சரிவான கம்பியில் போட்டதும் முட்டை உருண்டு போய்விடும் இடத்தில் வளர வேண்டிய கோழிக்குப் பெட்டி எதற்கென்று எப்படித் தெரியும்? எட்டுக்கு இரண்டு பெட்டி போதும். ஒரு அடி அகலம், ஒரு அடி நீளம், உள்ளே வைக்கோல், முன்னால் பழைய சாக்கைப் பாதி தொங்கவிட்டு இருட்டாக்குங்கள். தரையிலேயே வையுங்கள், உயரத்தில் மாட்ட வேண்டாம். உள்ளே ஒரு பிளாஸ்டிக் முட்டையோ பிங்பாங் பந்தோ போட்டு வையுங்கள். 'இங்கே யாரோ ஏற்கெனவே போட்டிருக்கிறார்கள்' என்று நினைத்துத்தான் அவை நுழையும். கையை அதன் முதுகுக்கு மேல் கொண்டுபோனால் சிறகை விரித்துப் பதுங்கி உட்காருகிறதா பாருங்கள். அப்படி உட்கார ஆரம்பித்தால் ஒன்றிரண்டு வாரத்தில் முட்டை வரும்.

எத்தனை நாள் என்று கேட்பீர்கள். ஒரு மஞ்சள் கரு பெரிதாகிப் பழுத்து விழவே ஏழு முதல் பத்து நாள் ஆகும். வண்டியில் குலுங்கி வந்தது, இடம் மாறியது, தண்ணீர் தெரியாமல் நின்றது, தீவனம் மாறியது எல்லாம் சேர்ந்து அந்த வேலையை நிறுத்தியிருக்கும். இன்றிலிருந்து சரி செய்தாலும் இரண்டு வாரம், இன்னும் போட ஆரம்பிக்காத கோழியாக இருந்தால் நாலு ஐந்து வாரம் கூட ஆகலாம். அதுவரை வெளியே மேய விடாதீர்கள், விட்டால் செடி மறைவில் போட்டுவிட்டு வந்து நிற்கும், நீங்கள் முட்டையே இல்லை என்று மறுபடி கடிதம் எழுதுவீர்கள். பெட்டியில் போடப் பழகிய பிறகும் காலை 11 மணி வரை உள்ளேயே வையுங்கள். முதல் சில முட்டைகள் கோலிக்குண்டு போலவோ, ஓடே இல்லாமலோ, இரட்டைக் கருவாகவோ வந்தால் பயப்பட வேண்டாம், முட்டைக்குழாய் பழகும் வரை அப்படித்தான்.

கேள்வி: சென்னையில் மொட்டை மாடியில் 4 லெகார்ன் வளர்க்கிறேன். வந்த முதல் பத்து நாள் ஒழுங்காக முட்டை போட்டன. அப்புறம் ஒவ்வொன்றாக நிறுத்திவிட்டன, கழுத்து இறகும் கொட்டுகிறது. லேயர் தீவனம்தான் போடுகிறேன், எச்சம் நன்றாக இருக்கிறது, சுறுசுறுப்பாகவும் இருக்கின்றன. நவம்பரில் வாங்கினேன். (சென்னை வாசகர்)

பதில்: மாதத்தைச் சேர்த்து எழுதியதற்கு நன்றி, விடை அதில்தான் இருக்கிறது. பண்ணையில் இந்தக் கோழிகளுக்கு விளக்குப் போட்டு ஒரு நாளைக்கு 16 மணி நேரம் வெளிச்சம் கொடுத்திருப்பார்கள். நவம்பர் கடைசியில் சென்னையில் பகலே பதினொன்றரை மணி நேரம்தான். கோழிக்குக் கண் வழியாக மட்டுமல்ல, மண்டை ஓட்டின் வழியாகவும் வெளிச்சம் மூளைக்குப் போய்ச் சேருகிறது. திடீரென்று நாலரை மணி நேரம் குறைந்தால் மழைக்காலமும் குளிரும் வந்துவிட்டது, இனி முட்டை வேண்டாம், இறகை மாற்றிக்கொள்வோம் என்று உடம்பு முடிவெடுத்துவிடும். நோய் இல்லை.

ஒரு 9 வாட் எல்இடி பல்பு, மஞ்சள் வெளிச்சம் தருவதாகப் பார்த்து, கூட்டுக்குள் செய்தித்தாள் படிக்க முடிகிற அளவுக்கு மாட்டுங்கள். விடியற்காலை 4 மணிக்கு எரிந்து விடிந்ததும் அணைகிற மாதிரி டைமர் போட்டால் நல்லது. மாலையில் வெளிச்சத்தைக் கூட்டினால், பல்பு அணைந்ததும் கட்டையில் ஏறாத கோழி இருட்டில் கீழேயே தடுமாறிக்கொண்டிருக்கும், அதனால் முடிந்த வரை காலையிலேயே கூட்டுங்கள். மொத்தம் 14 மணி நேரம் வந்தாலே வீட்டுக்குப் போதும். ஒரு நாள் போட்டு ஒரு நாள் மறந்தால் போடாமலே இருக்கலாம். இறகு உதிர்க்க ஆரம்பித்துவிட்ட கோழி திரும்ப முட்டைக்கு வர இரண்டு மாதம் ஆகும், அவசரப்படுத்த வழியில்லை. இறகு முளைக்கப் புரதம் வேண்டும் என்பதால் அந்தச் சமயத்தில் தீவனத்தைக் குறைத்துவிடாதீர்கள்.

இன்னும் 17 வாரம் ஆகாத கோழிக்கு இந்த விளக்கு வேலை கூடாது. உடம்பு வளருமுன் முட்டைக்கு வந்து, முட்டைக்குழாய் வெளித்தள்ளிச் செத்தும் போகலாம்.

கேள்வி: அண்ணே, எங்ககிட்ட ஏற்கெனவே 15 நாட்டுக்கோழி இருக்கு. அதோட அஞ்சு லெகார்னை வாங்கி விட்டேன். சேவல் துரத்தித் துரத்திக் கொத்துது. இப்ப ரெண்டு லெகார்ன் சோர்ந்து உட்கார்ந்திருக்கு, நாட்டுக்கோழியில ஒண்ணு வெள்ளையாக் கழியுது, கழுத்தைத் திருகிக்கிட்டு நிக்குது. மருந்துக் கடையில ஒரு பவுடர் கொடுத்தாங்க. (புதுக்கோட்டை வாசகர்)

பதில்: தம்பி, கொத்துவதை அப்புறம் பார்ப்போம். வெள்ளைக் கழிச்சல், கழுத்துத் திருகல் என்றால் அது ராணிக்கெட்டாக இருக்கலாம். உத்தராகண்டில் ராணிக்கேத் என்ற ஊரில் கண்டறிந்ததால் வந்த பெயர். வைரஸ் நோய், வந்த கோழிக்கு மருந்து கிடையாது. கடையில் கொடுத்த பவுடர் ஏதாவது ஆன்டிபயாடிக்காக இருக்கும், அது வைரஸை ஒன்றும் செய்யாது, முட்டையில்தான் மிச்சம் தங்கும். நோய்வாய்ப்பட்டதை இன்றே தனியே கட்டுங்கள், செத்ததைக் குப்பையில் வீசாமல் ஆழமாகப் புதையுங்கள். கால்நடை மருந்தகத்துக்கு உடனே போய்ச் சொல்லி, நன்றாக இருக்கிற கோழிக்கு என்ன செய்யலாம் என்று மருத்துவரிடமே கேளுங்கள்.

இனி வாங்குபவர்களுக்காகச் சொல்கிறேன். புதுக்கோழி வந்ததும் மூன்று வாரம் தனிக் கொட்டகை, தனித் தட்டு, தனித் தண்ணீர்ச் சட்டி. காலையில் பழைய கோழிக்குத் தீவனம் வைத்துவிட்டுக் கடைசியாகத்தான் புதுக்கோழிப் பக்கம் போக வேண்டும். பண்ணைக் கோழிக்குத் தடுப்பூசி போட்டிருப்பார்கள், என்னென்ன போட்டார்கள் என்று வாங்கும்போதே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பெரும்பாலும் நம் வீட்டு நாட்டுக்கோழிக்குத்தான் ஒன்றுமே போட்டிருக்காது. அம்மை, ராணிக்கெட் இரண்டும் போடாமல் புதுக்கோழி வாங்குவது வீண் செலவு.

மூன்று வாரம் கழித்து, நடுவில் கம்பி வலை கட்டி ஒரு வாரம் ஒன்றையொன்று பார்க்க விடுங்கள். பிறகு இருட்டியதும் தூக்கிக்கொண்டு போய்ப் பழைய கோழிகளுக்கு நடுவில் கட்டையில் உட்கார வைத்தால் காலையில் சண்டை பாதியாகக் குறைந்திருக்கும். தீவனம் இரண்டு மூன்று இடத்தில் வையுங்கள். சேவலைப் பற்றி ஒன்று: முட்டைக்குச் சேவல் தேவையே இல்லை, குஞ்சுக்குத்தான் வேண்டும். ஒன்றரைக் கிலோ லெகார்ன் மேல் மூன்று கிலோ பெருவிடைச் சேவல் ஏறினால் முதுகு கிழிந்துவிடும், அதைப் பஞ்சாரத்தில் கவிழ்த்து வையுங்கள்.

கேள்வி: மே மாதம் முழுக்க எங்கள் லெகார்ன் முட்டை ஓடு தாள் மாதிரி மெலிந்துவிட்டது. தூக்கினாலே உடைகிறது. கால்சியம் டானிக் கொடுத்தும் சரியாகவில்லை. (மதுரை வாசகி)

பதில்: வெயில்தான். கோழிக்கு வியர்க்காது, வாயைத் திறந்து மூச்சிறைத்துத்தான் உடம்பைக் குளிர்விக்கும். அப்படி இறைக்கும்போது கரியமில வாயு அளவுக்கு மேல் வெளியே போய்விடுகிறது. ஓடு என்பதே கால்சியம் கார்பனேட் என்பதால், கார்பனேட் குறைந்தால் எவ்வளவு கால்சியம் ஊற்றினாலும் ஓடு தடிக்காது. தீவனமும் வெயிலில் இறங்காது. விடியற்காலையிலும் பொழுது சாயும் நேரத்திலும் தீவனம் வையுங்கள், நடுப்பகலில் தட்டை எடுத்துவிடலாம். மண்பானைத் தண்ணீர் நிழலில் இருக்கட்டும், பகலில் இரண்டு தடவை மாற்றுங்கள், ஓரத்தில் ஈரச் சாக்குக் கட்டுங்கள்.

டானிக்குக்குப் பதில் கிளிஞ்சலை மிளகு அளவுக்கு நொறுக்கி மாலையில் தனித் தட்டில் வையுங்கள். ஓடு உருவாக 20 மணி நேரம் ஆகிறது, பெரும்பகுதி வேலை இரவில்தான் நடக்கிறது. மாவாகப் போட்டது சீக்கிரம் கரைந்து போய்விடும், நொய்யாகப் போட்டால் அரைப்பையில் தங்கி இரவு முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து கொடுக்கும். முட்டை ஓட்டையும் வறுத்து நொறுக்கிப் போடலாம், ஆனால் ஓட்டின் உருவம் தெரியக் கூடாது. தெரிந்தால் முட்டையைக் கொத்தித் தின்னப் பழகிவிடும், அந்தப் பழக்கத்தை மாற்றுவது பெரும்பாடு.

கேள்வி: ஒரு வருடமாகப் போடுகிறது, ஒரு தடவைகூட அடைக்கு உட்காரவில்லையே? (தாராபுரம் வாசகர்)

பதில்: உட்காராது. அந்தக் குணத்தைக் கழித்துக் கழித்துத்தான் இவ்வளவு முட்டை போடுகிற இனமாக்கினார்கள். இத்தாலியில் லிவோர்னோ துறைமுகத்திலிருந்து கப்பலேறிய கோழி இது, அந்த ஊரை ஆங்கிலேயர்கள் வாய்க்கு வந்தபடி 'லெகார்ன்' என்றதில் கோழிக்கும் அந்தப் பெயர் வந்தது. குஞ்சு வேண்டுமென்றால் அடைக்கு உட்கார்ந்த நாட்டுக்கோழியின் அடியில் 21 நாள் வையுங்கள். ஆனால் உங்கள் வீட்டு நாட்டுச் சேவலோடு சேர்ந்து பிறக்கிற குஞ்சு தாய் மாதிரி 300 முட்டை போடும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

கேள்வி: ஆறடிச் சுவரைத் தாண்டிப் பக்கத்து வீட்டுக் கீரைப் பாத்திக்குப் போய்விடுகிறது. தினமும் சண்டை. (கும்பகோணம் வாசகி)

பதில்: எடை குறைந்த கோழி, பறக்கத்தான் செய்யும். ஒரு பக்கச் சிறகை மட்டும் விரித்து, நுனியில் இருக்கிற பத்து நீள இறகுகளைப் பாதி நீளத்துக்குக் கத்தரியால் வெட்டுங்கள். இரண்டு பக்கமும் வெட்டினால் சமநிலை கிடைத்து மறுபடி தாண்டும், ஒரு பக்கம் வெட்டினால் சாய்ந்து கீழே இறங்கிவிடும். வலிக்காது, நகம் வெட்டுகிற மாதிரிதான். தண்டு கருநீலமாகத் தெரிகிற புது இறகை மட்டும் தொடாதீர்கள், அதில் ரத்தம் ஓடும். தவறி வெட்டிவிட்டால் மஞ்சள் தூளை வைத்து அழுத்திப் பிடித்து, ரத்தம் நிற்கும் வரை மற்றக் கோழிகளிடமிருந்து பிரித்து வையுங்கள், சிவப்பைப் பார்த்தால் கொத்திவிடும். இறகு மாற்றிய பிறகு திரும்ப முளைக்கும், அப்போது மறுபடி வெட்ட வேண்டும். அதுவரை பக்கத்து வீட்டுக்கு வாரம் ஆறு முட்டை அனுப்பி வையுங்கள்.